அம்புக்குறிக்குப் பின்னால் இருந்த ஆள்

1990களின் பிற்பாதியில் இணையத்தில் உலவிய யாருக்கும் அக்காலப் பக்கங்களின் அடிப்பகுதி மறந்திருக்காது. எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் கருப்புப் பெட்டி, விருந்தினர் ஏட்டில் நான்கு வரி எழுதச் சொல்லும் அழைப்பு, மண்வெட்டியோடு குனிந்து நிற்கும் தொழிலாளியின் மஞ்சள் பலகை, இவற்றுக்கும் கீழே ஒரு சின்னக் கட்டம். முந்தைய தளம், அடுத்த தளம், ஏதாவது ஒரு தளம், முழுப் பட்டியல் என்று அதில் நான்கு இணைப்புகள் இருக்கும். இந்த வளையத்தை நடத்துபவர் இன்னார் என்று ஒரு பெயரும் இருக்கும். பெயரைத் தட்டினால் அவருக்கே மின்னஞ்சல் எழுதலாம். இதுதான் வெப்ரிங். பழைய ரயில் எஞ்சின்களோ, ஒரு தொலைக்காட்சித் தொடரோ, பூனை வளர்ப்போ, ஏதோ ஒன்றில் பித்துப் பிடித்தவர்கள் தங்கள் பக்கங்களை வரிசையாக இணைத்துக்கொள்வார்கள். ‘அடுத்தது’ என்று தட்டிக்கொண்டே போனால் எல்லாருடைய பக்கங்களையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இன்று அந்தக் காலத்தை எண்ணி ஏங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஏக்கம் நியாயமானதுதான். அவர்கள் சொல்லும் காரணம்தான் எனக்கு ஒப்பவில்லை. எளிமை போய்விட்டதே என்கிறார்கள். அந்த இணையம் எளிமையாக இருந்ததே இல்லை. போனது வேறொன்று: ஓர் இணைப்பை உங்கள் முன் வைத்த ஆள் யார் என்று தெரிந்திருந்த நிலை, அது சரியில்லை என்றால் அவரிடமே போய்க் கேட்கலாம் என்றிருந்த நிலை.

எளிமை இல்லை என்பதற்கு அதிகம் தேட வேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, ஆண்டுக்கு 500 ரூபாய்க்கு மாணவர்களுக்குக் கிடைத்தது வெறும் எழுத்தை மட்டும் காட்டும் ஷெல் கணக்கு. படம் பார்க்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுக்க வேண்டும். மோடம் கரகரவென்று கூவி முடித்து இணைப்பு கிடைப்பதற்குள் பாதி ஆர்வம் வடிந்துவிடும். சொந்தப் பக்கம் வைத்திருந்தவர் வளையத்தில் சேர்வதும் ஒரு தட்டில் முடிகிற காரியம் அல்ல. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப வேண்டும். தளத்துக்கென்று ஓர் அடையாள எண் வரும். ஒரு துண்டு எச்டிஎம்எல் நிரலையும் அனுப்பிவைப்பார்கள். அதில் குறிப்பிட்ட இடத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பிறகு வளையத்தை நடத்தும் ரிங்மாஸ்டர் தானே அந்தப் பக்கத்துக்கு வந்து பார்ப்பார். கட்டம் சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா, பக்கம் வளையத்தின் விஷயத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே காத்திருப்பு வரிசையிலிருந்து வளையத்துக்குள் ஏற்றுவார். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் கட்டம் முழுவதும் சிதைந்துபோகும். இதை எளிமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் இந்தச் சிக்கல்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் தலையிட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெப்ரிங் எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், பிற்காலத்தில் வந்த வினையின் விதை அங்கேயே கிடப்பது தெரியும். 1994இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த டெனிஸ் ஹோவ், யூரோப்பா என்ற பெயரில் பக்கங்களின் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். அதில் ஒவ்வொரு பக்கமும் தனக்கு அடுத்த பக்கத்தை மட்டும் நேரடியாகக் காட்டும். நடுவில் யாரும் இல்லை. கேட்க அழகாக இருக்கிறது, நடைமுறையில் ஓட்டை. நாற்பது பேர் கொண்ட வட்டத்தில் ஒருவர் படிப்பு முடிந்து கல்லூரிக் கணக்கை இழந்தால் போதும், அவருடைய பக்கம் மறையும், வட்டம் அங்கே அறுந்துவிடும். அவருக்கு முந்தையவர் தன் பக்கத்தைத் திருத்தும் வரை யாரும் அப்பால் போக முடியாது. முந்தையவர் ஊருக்குப் போயிருந்தால் அதோடு சரி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஆஷ்லண்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த சேஜ் வைல், பதின்ம வயதைக் கூடத் தாண்டாதவர், இதற்கு ஒரு வழி எழுதினார். எல்லாப் பக்கங்களின் அம்புக்குறியும் அடுத்த பக்கத்தைக் காட்டாமல் நடுவில் உள்ள ஒரே கணினியைக் காட்டும். ‘இந்த வளையம், இந்த எண், அடுத்தது எது?’ என்று அம்பு கேட்கும். நடுவில் இருக்கும் நிரல் பட்டியலைப் பார்த்து அனுப்பிவைக்கும். செத்த பக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் வட்டம் தானாக ஒட்டிக்கொள்ளும். 1995இல் இதையே வெப்ரிங் என்ற சேவையாகத் தொடங்கினார்.

அறுந்துபோவதைத் தடுக்க வந்த அந்த வசதிதான் உடைமையாளரையும் கூடவே அழைத்து வந்தது. பழைய இணையத்தை யாருக்கும் சொந்தமில்லாத பொதுவெளியாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உலகெங்கும் பரவிக் கிடந்த பக்கங்களின் அம்புகள் எல்லாம் ஒரே முகவரியை நோக்கி நின்றன. அந்த முகவரியை விலைக்கு வாங்கலாம். 1997இல் அது ஸ்டார்சீட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. 1998இல் ஸ்டார்சீடை, இலவசமாகச் சொந்தப் பக்கம் போட இடம் கொடுத்துவந்த ஜியோசிட்டீஸ் வாங்கியது. 1999இல் ஜியோசிட்டீஸை யாஹூ வாங்கியது. மூன்று முறை கைமாறியும் தன் பக்கத்தில் கட்டத்தை ஒட்டியவர் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை, அவரைக் கேட்கவும் இல்லை. 2000 செப்டம்பரில் யாஹூ தன் புதிய வெப்ரிங்கைக் கொண்டுவந்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்பது பலருக்கு உறைத்தது. யாஹூ கணக்கு இல்லாமல் வளையத்தை நடத்த முடியாது என்றானது. ரிங்மாஸ்டர்கள் தங்கள் கைப்பட வரைந்த கட்டங்களின் இடத்தில் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த பலகை வந்தது. வளைய நடத்துநர்கள் கொத்துக்கொத்தாக விலகினார்கள். ஓராண்டுக்குள் யாஹூவே அதைக் கைகழுவியது. வெப்ரிங்கின் பழைய பணியாளர் ஒருவர் எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. பெரும்பாலோர் வெப்ரிங்கைக் கூகுள் கொன்றதாகச் சொல்வார்கள். கூகுள் பரவலாவதற்கு முன்பே ரிங்மாஸ்டரின் பெயர் கட்டத்திலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கூகுள் தரப்பு வாதத்தையும் எடுத்துக்கொள்வோம். வலுவான வாதம்தான் அது. தேடுபொறி வந்த பிறகு வளையம் எதற்கு? ஒரு நோயின் அறிகுறியைத் தெரிந்துகொள்ள வேண்டியவர் நாற்பது பக்கங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டா இருப்பார்? இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. 1995 இறுதியில் வந்த ஆல்டாவிஸ்டாவும் 1998இல் வந்த கூகுளும் ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலையில் வளையத்தை விட ஆயிரம் மடங்கு மேல். வளையம் செய்த வேலை அது அல்ல. இதில் எனக்கு இருக்கும் அக்கறை இன்னும் யார் யாருக்கு இருக்கிறது என்பதே வளையம் பதில் சொன்ன கேள்வி. அதை விடவும் வேடிக்கை, கூகுளின் தொடக்ககால வெற்றியே மனிதர்கள் கையால் போட்ட இணைப்புகளின் மேல் நின்றது என்பது. ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டிக் காட்டுகிறார்கள் என்று எண்ணித்தான் கூகுளின் பேஜ்ரேங்க் முறை அதன் மதிப்பைக் கணக்கிட்டது. இணைப்புக்கு மதிப்பு உண்டு என்றானதும் அதை விற்க வந்துவிட்டார்கள். போலி இணைப்புகளை மட்டுமே விளைவிக்கும் தளங்கள் முளைத்தன. உடனே தேடுபொறி சந்தேகப்பட ஆரம்பித்தது: அளவுக்கு மீறி ஒருவரை ஒருவர் சுட்டிக்கொள்வது விதிமீறல் என்று கூகுளின் வழிகாட்டுதலில் எழுதப்பட்டது. 2005இல் ‘இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்’ என்று இணைப்பிலேயே முத்திரை குத்தும் நோஃபாலோ வந்தது. மொய்க்கு மொய் எழுதுகிற ஊரில் மொய்ப் பணம் முழுவதையும் லஞ்சம் என்று கணக்கெழுதியது போல ஆயிற்று கதை. வெப்ரிங் என்பது கட்டமைப்பிலேயே ஒருவரை ஒருவர் சுட்டிக்கொள்ளும் ஏற்பாடு. நட்புக்காகப் போட்ட இணைப்பையும் காசுக்காகப் போட்ட இணைப்பையும் பிரித்தறிய இயந்திரத்துக்கு வழி இல்லை. ரிங்மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும்.

கைமாற்றாகக் கிடைத்த இணைப்பின் அருமை தமிழில் வாசித்தவர்களுக்கு மற்றவர்களை விட நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். அன்று ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. ரோமன் எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களைத் திணித்துச் செய்தவை அவை. அந்த எழுத்துருவை முதலில் இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் தெரிவது தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ரோமன் எழுத்துகளின் குப்பை. தேடுபொறிக்குத் தெரிந்ததும் அந்தக் குப்பைதான். ‘திருக்குறள்’ என்று தேடினால் திருக்குறள் கிடைக்காது. ஒரே சொல் ஐந்து தளங்களில் ஐந்து வகைக் குப்பையாகப் பதிவாகியிருக்கும். டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டின் மூலம் ஓர் ஒழுங்கு கொண்டுவர முயன்றார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியீடுகள் வந்தன. 1991 முதலே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தும் அது சாதாரண வாசகரின் கணினியை எட்ட அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதி ஆகிவிட்டது. அதுவரை தமிழ்ப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, அதை ஏற்கனவே அறிந்த ஒருவர் தன் பக்கத்தில் இணைப்புப் போட்டிருப்பதுதான். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னேற்றத் தொடங்கியபோது, அந்த நூல்கள் வாசகரைச் சென்றடைந்ததும் பெரும்பாலும் இப்படித்தான்.

இங்கே வெப்ரிங் என்ற பெயரில் பெரிய வளையங்கள் பரவியதாகச் சொல்ல மாட்டேன். பெயர் இல்லாமல் அதே வேலை நடந்தது. 2003, 2004 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் மலரத் தொடங்கியபோது, வாரம் ஒருவரை ஆசிரியராக அமர்த்தி, அவர் மற்றவர்களின் பதிவுகளைப் படித்து அறிமுகம் செய்யும் ஏற்பாடு ஒன்று உருவானது. பிறகு வலைச்சரம் என்ற வலைப்பூ அதையே பல ஆண்டுகள் தொடர்ந்து செய்தது. ஏழு நாட்களுக்கு ஓர் ஆசிரியர்; அவர் பெயரும் ரசனையும் வெளிப்படை; அடுத்த வாரம் இருக்கை வேறொருவருக்கு. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் பதிவுகளை இயந்திரத்தனமாகத் திரட்டியதுதான், ஆனால் யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது என்று மனிதர்களே முடிவு செய்தார்கள். வாரம் ஒரு நட்சத்திரப் பதிவரை முன்னிறுத்தினார்கள். அந்த முடிவுகள் மீது எவ்வளவு சண்டை நடந்தது என்பது அக்காலத்தவர் அனைவருக்கும் தெரியும். அந்தச் சண்டையை நான் நல்ல அறிகுறியாகவே எண்ணுகிறேன். சண்டை போட ஆள் இருந்தார். இன்று உங்கள் ஃபீடில் ஒரு பதிவு ஏன் வந்தது, ஒரு நண்பரின் பதிவு ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டுமானால் யாரிடம் போவீர்கள்?

ரிங்மாஸ்டர்கள் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கமா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. வேண்டியவரைச் சேர்த்து வேண்டாதவரைத் தள்ளிய குட்டி ராஜாக்கள் உண்டு. மூன்று மாதம் விண்ணப்பத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் உண்டு. வெறுப்பைப் பரப்பியவர்களும் மோசடிக்காரர்களும் கூட வளையம் கட்டினார்கள். கருவி அவர்களுக்கும் அதேபோல உழைத்தது. ஆனால் அந்த ராஜ்ஜியங்கள் சின்னவை. ஒரு வளையத்தை விட்டு விலக என்ன செலவு? பக்கத்தின் அடியில் ஒட்டிய ஏழெட்டு வரி நிரலை அழித்தால் போதும். எழுதியது எதுவும் போகாது, முகவரி மாறாது, வாசகர்கள் தொலைய மாட்டார்கள். மனக்கசப்பில் பிரிந்தவர்கள் அதே விஷயத்துக்குப் போட்டி வளையம் தொடங்குவது சாதாரணமாக நடந்தது. ஒரே தளத்தின் அடியில் இரண்டு எதிரி வளையங்களின் கட்டங்களும் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும். கொடுங்கோலை அளக்க வேண்டியது அதை நடத்துபவரின் குணத்தை வைத்தல்ல, அங்கிருந்து வெளியேற ஆகும் செலவை வைத்து.

வெளியேறுவதாக மிரட்டுவது வேலை செய்தது என்பதற்கும் சான்று உண்டு. ஜியோசிட்டீஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பேட்டையும் வீட்டு எண்ணும் இருந்தன: அறிவியல் புனைகதைப் பித்தர்களுக்கு ஏரியா 51, கல்வி பேசுபவர்களுக்கு ஏதென்ஸ், சினிமாவுக்கு ஹாலிவுட். 1999 கோடையில் யாஹூ அங்கே ஒரு புதிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. உறுப்பினர்கள் ஏற்றிய எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்ற பொருள் அதில் தொனித்தது. உறுப்பினர்கள் தங்கள் பக்கங்களின் வண்ணத்தையும் படங்களையும் உருவிவிட்டுச் சாம்பல் நிறத்தில் பேய்வீடுகளாக விட்டுவைத்தார்கள். சில நாட்களிலேயே யாஹூ இறங்கி வந்தது. அப்படி இறங்கி வந்த நிறுவனமே 2009 அக்டோபரில் குறைந்தது மூன்றரைக் கோடிப் பக்கங்களோடு ஜியோசிட்டீஸை மூடியதையும் சொல்லத்தான் வேண்டும். ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் கூட்டம் இரவு பகலாகப் படியெடுத்துக் காப்பாற்றியது போக மிச்சம் போனதுதான். ஆகவே பழைய இணையம் தன்னைத் தானே காத்துக்கொண்டது என்ற கதையையும் நான் நம்பவில்லை.

இன்னொரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அந்த இணையம் சிலருக்கானது; ஆங்கிலம் தெரிந்த, தொலைபேசி வைத்திருந்த, கல்லூரிக் கணினி அறையின் கதவு திறந்துவிடப்பட்ட சிலருக்கு. இன்று தறிக்கூடத்தில் வேலை செய்பவர் ஓய்வு நேரத்தில் காணொளி எடுத்து உலகுக்கே காட்டுகிறார். அவரிடம் போய்ப் பழைய காலம்தான் பொற்காலம் என்று சொல்வது பெருமாள் கோயில் வாசலை மூடிவைத்திருந்த காலத்தைப் புகழ்வதற்குச் சமம் என்பார்கள். அந்தக் கோபம் சரி. ஆனால் அவர் கைக்கு இணையம் வந்தது மலிவான போனாலும் மலிவான டேட்டாவாலும் தமிழ் விசைப்பலகையாலும். எதைக் காட்டுவது என்று யாரோ ஒருவரின் நிரல் ரகசியமாகத் தீர்மானிப்பதால் அல்ல. இரண்டும் ஒரே காலத்தில் வந்தன. அதனால் ஒன்றின் புண்ணியம் மற்றதன் கணக்கில் ஏறிவிட்டது. இன்ஸ்டாகிராமில் ஒரு படத்துக்கு அடியில் எழுதும் குறிப்பில் இணைப்பு கொடுத்துப் பாருங்கள்: எழுத்தாகத் தெரியும், தட்டினால் திறக்காது. இன்னொருவரின் வாசலைக் காட்டும் மிகச் சாதாரணமான உரிமை அந்தத் தறித் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டிருக்கிறது. கதவு அகலமானதால் இது வந்ததா என்ன?

இளமையை நினைத்து உருகும் முதியோரின் சங்கதி இது என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு தகவல் போதும். 2013இல் நியோசிட்டீஸ் தொடங்கி இலவசமாகப் பக்கம் போட இடம் கொடுத்தது. ஜியோசிட்டீஸ் உச்சத்தில் இருந்தபோது பிறந்தே இராதவர்களும் அங்கே மின்னும் நட்சத்திரப் பின்னணியோடு பக்கம் கட்டுகிறார்கள். 2018இல், அவரவர் சொந்தத் தளத்தில் எழுத வேண்டும் என்று வலியுறுத்தும் இண்டிவெப் குழுவினர் தங்களுக்கென ஒரு வளையம் தொடங்கினார்கள். ஓவியமும் நிரலும் சேர்த்துச் செய்பவர்களின் எக்ஸ்எக்ஸ்ஐஐவிவி வளையத்தில் உறுப்பினர் பட்டியல் யாரும் பார்க்கக்கூடிய கோப்பாகப் பொதுவில் இருக்கிறது. நடத்துபவர் மனம் மாறினாலும் பட்டியலைப் படியெடுத்து வேறிடத்தில் வளையத்தைத் தொடரலாம். யாஹூவிடம் பறிபோனது போல இது பறிபோகாது. (அந்தக் கோப்பு இருப்பது மைக்ரோசாப்டுக்குச் சொந்தமான கிட்ஹப்பில் என்பதைச் சொல்லாமல் விட்டால் குற்றம்.) சேஜ் வைலும் சும்மா இருக்கவில்லை. பிற்பாடு முனைவர் பட்ட ஆய்வில் அவர் உருவாக்கிய செஃப் என்ற சேமிப்பு அமைப்பில் எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று சொல்லும் நடுப் பட்டியலே கிடையாது. கேட்பவரே கணக்கிட்டுத் தெரிந்துகொள்வார். எல்லா அம்புகளையும் ஒரே கணினிக்குத் திருப்பிய அதே கை எழுதியது என்பதால் இதைக் குறிப்பிடத் தோன்றுகிறது.

தமிழில் இன்று ஒரு வளையம் தொடங்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கல்வெட்டுகளைப் படம் பிடித்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள், பறவை நோக்கர்கள் இருக்கிறார்கள், இசைத்தட்டு சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். பல பழைய வலைப்பூக்கள், திரட்டிகள் ஓய்ந்த பிறகும், யாரும் வழி காட்டாமல் அப்படியே கிடக்கின்றன. இருபது முகவரிகள் கொண்ட ஒரு கோப்பு, பத்து இருபது வரி நிரல், எப்போது வேண்டுமானாலும் எவரும் படியெடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி, மாதம் ஒருமுறை எல்லா இணைப்பையும் தட்டிப் பார்க்கும் பொறுமை, அடியில் ஒரு பெயர். தேடுபொறி இதைச் சந்தேகிக்கும் என்றால் நோஃபாலோ போட்டுக்கொள்ளலாம். நட்புக்குத் தேடுபொறியின் மதிப்பெண் எதற்கு? செலவு என்று பார்த்தால் இணைய முகவரிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் ஆகலாம். கஷ்டம் அங்கே இல்லை. நேற்று கல்யாண வீட்டில் பார்த்துப் பேசியவரின் தளத்துக்கு ‘இது இந்த வளையத்துக்குப் பொருந்தவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதி, கீழே தன் பெயரையும் போடும் ரிங்மாஸ்டர் ஒருவர் முதலில் கிடைக்க வேண்டும்.